நிறத்துக்கு எதற்குக் கூடுதல் காசு?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 'யுனிசெக்ஸ்' டி-ஷர்ட் 899 ரூபாய்க்கு வாங்கினேன். தோள் முழங்கைக்கு இறங்குகிறது. பில் தரவில்லை, இப்போது பதிலும் இல்லை. (கல்லூரி மாணவி, திருப்பூர்)

திருப்பூரில் இருந்துகொண்டா? யுனிசெக்ஸ், அதாவது ஆண் பெண் இருவருக்கும் பொது என்று வருவதில் பல ஆண்கள் அளவில் வெட்டியவைதான். மார்பு, தோள் எத்தனை அங்குலம், துணி எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று கேட்காமல், பில்லும் வாங்காமல் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். பணம் கட்டிய விவரத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் கையால் தொட்டுப் பார்த்தே வாங்கியிருக்கலாம்.

கேள்வி: ஒரே ரேசர்தான். நீலத்தை விட ரோஸ் நிறத்துக்கு விலை அதிகம். ஏனுங்க? (ஈரோடு)

பெண்கள் கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான். பிளேடுக்கு ஆண், பெண் தெரியாது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு, ஒரு எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்த வரியைப் படியுங்கள். ஷாம்பு, சோப்பு, டியோடரன்ட் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள்.

எனக்கு இது பட்ட பாடம். மகளுக்கு ரோஸ் நிற சைக்கிள், நீலத்தை விட 700 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். கைப்பிடியில் தொங்கிய மினுமினு குஞ்சம் ஒரே வாரத்தில் உதிர்ந்தது. அது போகட்டும். தம்பிக்காரன் ஓட்டும் வயது வந்தபோது, தெருவில் 'பொட்டப்புள்ள சைக்கிள்' என்றார்கள். அவன் தொட மறுத்துவிட்டான். நல்ல சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்க, இன்னொன்று வாங்கினேன். அக்கா ஸ்வெட்டரைத் தம்பி போட்டு வளர்ந்த வீடுகள்தானே நம்முடையவை? ஸ்கூல் பேக், மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்தால் ஒரே வீட்டில் இரண்டு முறை விற்கலாம். வியாபாரம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பேரன் சொப்புச் சாமான் கேட்டு அழுகிறான். பையனுக்கு வாங்கித் தரலாமா? (பாட்டி, சத்தியமங்கலம்)

தாராளமாக வாங்கிக் கொடுங்கள் அம்மா. நம் ஊர்க் கல்யாணப் பந்திக்கு அண்டா வைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே. பிளாஸ்டிக் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான் திருநங்கை. துணிக்கடையில் ட்ரையல் ரூமுக்கு விடவில்லை. போட்டுப் பார்க்காமலே 1,150 ரூபாய்க்குக் குர்தி வாங்கினேன். முதல் நாளே அக்குள் தையல் விட்டுப்போனது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லைக் காட்டுகிறார்கள். (கோவை)

உங்களுக்கு நடந்தது இரண்டு அநியாயம். பழுதான பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் அச்சடித்த ஒரு வரி சட்டத்துக்கு மேலே போய்விடாது. ட்ரையல் ரூம் மறுத்ததும் தவறு. பொதுமக்களுக்கு உள்ள வசதியைத் திருநர்களுக்கு மறுக்கக் கூடாது என்று 2019-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

குர்தியைத் தைக்காதீர்கள். கிழிசலைப் படம் எடுங்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பில் நகலை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் வந்திருக்கிறதே, வாங்கலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம்.