ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்த பிறகு அதை ஆராய்ந்து என்ன பயன்?

டர்பன் பக்கம் நம் குடும்பங்களிலும் இதைக் கேட்பவர்கள் உண்டு: "போனவர் போய்விட்டார், இனி ஃபைலைப் புரட்டி என்ன ஆகப்போகிறது?"

மரண ஆய்வு என்பது டாக்டர்களும் நர்சுகளும் கூடி, இறந்தவரின் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிப்பது. பிரஷர் ஏறியதை எத்தனை மணிக்குக் குறித்தார்கள், டாக்டரை எப்போது கூப்பிட்டார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஒரு சாவில் தற்செயலாகத் தோன்றும் தாமதம், பல ஃபைல்களை அடுக்கிப் பார்த்தால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். காவடி முடிந்ததும் கோயில் கமிட்டி கூடி, சாப்பாட்டு வரிசை எங்கே முட்டியது என்று பேசுமே, அந்த மாதிரிதான்.

தென்னாப்பிரிக்காவில் கர்ப்பகால, பிரசவகால மரணங்களை 1997 முதல் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தேசியக் குழு ஒன்று அவற்றை ரகசியமாக ஆராய்கிறது. எச்ஐவி சார்ந்த தொற்றுகள், இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையே முக்கியக் காரணங்கள் என்றும், பல மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வுகள் காட்டின. டாக்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் அவசரப் பிரசவப் பயிற்சி வந்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு. சரி, பரிந்துரையை அலமாரியில் பூட்டிவைத்தால் எல்லாம் வீண்தான்.

பலர் நினைப்பதுபோல இது உடலை அறுக்கும் போஸ்ட்மார்ட்டமும் இல்லை, டாக்டரைத் தண்டிக்கும் விசாரணையும் இல்லை. புகார் சொல்ல சுகாதாரக் குறைதீர்ப்பாளர் தனியாக இருக்கிறார்.