ஓடிடி சந்தா: நம் காசு எங்கே போகிறது?

கேள்வி: ஒரு ஓடிடிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். பாதியில் விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டார்கள். விளம்பரம் வேண்டாமென்றால் தனிக் காசாம். டேட்டாவுக்கும் நாங்கள்தான் கட்டுகிறோம். படத்தை ஏற்றிவிட்ட பிறகு இவர்களுக்கு என்னதான் செலவு? அடுத்த வருடமும் கட்டலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் சந்தேகம் பாதி சரி. நெட்ஃபிளிக்ஸின் 2024 கணக்கில் வருமானம் சுமார் 3,900 கோடி டாலர். அதை 100 ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பத் துறைக்குப் போனது ஏழரை ரூபாய்தான். படம், தொடர்களுக்கும் அவற்றை நம்மிடம் சேர்ப்பதற்குமாக 54 ரூபாய். அதில் பெரும்பங்கு படத்துக்குத்தான். நடத்தும் செலவெல்லாம் போக, வட்டி, வரிக்கு முன் மிஞ்சும் இயக்க லாபம் 26 ரூபாய்க்கு மேல். எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. டிஸ்னியின் ஓடிடிகள் மொத்தமாக லாபம் பார்த்ததே 2024 நடுவில்தான்.

அனுப்பும் செலவை எப்படிக் குறைக்கிறார்கள்? தீபாவளிக்கு முன்பே மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் சரக்கு இறங்கிவிடும் இல்லையா, அதே வேலைதான். நெட்ஃபிளிக்ஸ் படங்களைச் சேமிக்கும் தன் சர்வர் பெட்டிகளை, நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் அறைகளிலேயே வைத்து, கூட்டமில்லாத நேரத்தில் படத்தை அதில் இறக்கிவிடுகிறது.

கிரிக்கெட்டுக்கு இது செல்லாது. நேரலையை முன்கூட்டி இறக்கி வைக்க முடியாதே. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேர் இருந்தார்கள். தோனி ரன் அவுட். அத்தனை பேரும் 'சே' என்று பின்னால் போகும் பட்டனை அமுக்கினால், அவ்வளவு பேரும் ஒரே நொடியில் முகப்புப் பக்கத்தில் வந்து விழுவார்கள். அதையும் தாங்குகிற அளவுக்கு சர்வர் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் செலவு நிஜம். ஆனாலும் ஒளிபரப்பு உரிமையின் முன்னால் அது சுண்டைக்காய்: 2023 முதல் 2027 வரை ஐபிஎல் டிஜிட்டல் உரிமை மட்டும் 23,758 கோடி ரூபாய்க்குப் போனது. விளம்பரம் இல்லாமல் அதை எப்படி எடுப்பார்கள்?

சரி, உங்கள் விஷயம். ஆண்டுச் சந்தா வேண்டாம். பார்க்க வேண்டிய படம் வந்தால் ஒரு மாதம் கட்டுங்கள், பார்த்து முடித்ததும் நிறுத்துங்கள். போனில் மட்டும் பார்ப்பவருக்கு 4கே (மிகத் துல்லியமான படம்) பிளான் வீண். அதில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை டேட்டா போகும். முக்கியமாக, யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகக் காசு பிடிக்க நாம் தந்த அனுமதி) பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. அங்கே ரத்து செய்ய வேண்டும். காசு பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஒரு மெசேஜ் வரும், அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.