32 ஜிபி ஹோஸ்டில் நான்கு விர்ச்சுவல் மெஷின், ரேம் பற்றவில்லை. பலூனிங் போட்டால் சரியாகுமா?

ப்ராக்ஸ்மாக்ஸில் (ஒரே கம்ப்யூட்டரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) நான்கு மெஷின், ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி, சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒன்று தானாக நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பலூனிங், அதாவது மெஷினுக்குக் கொடுத்த ரேமைத் தேவைப்படும்போது திரும்ப வாங்கும் வித்தை, உதவும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நான்குக்கும் போட்டுவிடாதீர்கள்.

10 ஜிபி என்று எழுதிவைத்ததும் ஹோஸ்ட் (மெஷின்கள் ஓடும் நிஜக் கம்ப்யூட்டர்) அவ்வளவையும் தூக்கிக் கொடுத்துவிடாது. கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின், தொடத் தொடத்தான் கொடுக்கும். ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு இருநூறு பேருக்குப் பந்தி போடுகிற கல்யாண வீட்டுக் கணக்குதான் இது. சிக்கல் என்னவென்றால், உட்கார்ந்த கெஸ்ட் எழுந்திருக்காது. லினக்ஸ் சும்மா கிடக்கிற ரேமையெல்லாம் ஃபைல் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததை மறுபடி வேகமாக எடுக்க ரேமில் வைத்துக்கொள்வது) எடுத்துக்கொள்ளும். உள்ளே காலியானாலும் அது ஹோஸ்டுக்குத் தெரியாது. கடைசியில் ஹோஸ்டின் ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் எதையாவது நிறுத்தி இடம் பிடிக்கும் கெர்னல் வசதி) அதிக ரேம் பிடித்திருக்கும் ப்ராசஸைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது உங்கள் மெஷினில் ஒன்றாகத்தான் இருக்கும். ஹோஸ்டின் கெர்னல் லாகைப் பாருங்கள், பெயரோடு இருக்கும்.

பலூன் டிரைவர் கெஸ்டுக்குள்ளேயே உட்கார்ந்து ரேமைப் பிடித்து, ஹோஸ்டிடம் திருப்பிக் கொடுக்கிறது. எதை விடுவது என்று கெஸ்டே தீர்மானிக்கும் என்பதுதான் இதன் அருமை. ஹோஸ்ட் ஸ்வாப் செய்தால், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றினால், எது முக்கியம் என்று தெரியாமல் தள்ளும். விஎம்வேர் நிறுவனத்தின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-லேயே இதை ஓர் ஆய்வுக் கட்டுரையில் அழகாக விளக்கிவிட்டார்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுடையதைப் போல 32 ஜிபிதான். பில்லிங் டேட்டாபேஸ் ஓடும் விண்டோஸ் மெஷினுக்கு 12 ஜிபி, குறைந்தபட்சமும் அதே 12. தீபாவளிக் கூட்டத்தில் கவுன்டரில் ஆள் நிற்கும்போது டேட்டாபேஸின் கேஷைப் பலூன் பிடுங்கினால், ஒவ்வொரு பில்லும் டிஸ்க்கைத் தேடி ஓடும். ஃபைல் சர்வருக்கு உச்சம் 8, குறைந்தபட்சம் 2. அதில் ‘ஃப்ரீ’ கமாண்ட் போட்டால் முழுதும் தீர்ந்ததுபோல் தெரியும்; ‘அவைலபிள்’ பத்தியைப் பார்த்தால் பாதிக்கு மேல் கேஷ்தான். அங்கே தாராளமாகப் பிடுங்கலாம்.

ஹோஸ்டின் ரேம் 80 சதவீதத்தை நெருங்கினால்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் பலூனை ஊதத் தொடங்கும். விண்டோஸ் கெஸ்டில், விர்ச்சுவல் மெஷினுக்கென்றே எழுதிய விர்ட்‌ஐஓ டிரைவரும் பலூன் சர்வீஸும் இல்லாவிட்டால் பலூன் வேலையே செய்யாது. பிசிஐ பாஸ்த்ரூ (கிராஃபிக்ஸ் கார்டு போன்ற ஹார்டுவேரை நேரடியாக ஒப்படைப்பது) கொடுத்த மெஷினிலும் பலூன் பலிக்காது, அதன் ரேம் முழுதும் பூட்டப்பட்டிருக்கும்.

நான்கும் ஒரே விண்டோஸ் என்றால் கேஎஸ்எம் (மெஷின்களின் ரேமில் ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக்கும் வசதி) கொஞ்சம் மிச்சம் பிடிக்கும், சிபியு செலவோடு. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் மெஷின்கள் என்றால் பாதுகாப்புக்காக அதை அணைத்துவிடுவேன்.

அப்புறம், டிஸ்க்குக்கு இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டிருக்கிறீர்களா? 8.1-க்கு முன் நிறுவிய ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் இசட்எஃப்எஸின் கேஷ் ஹோஸ்ட் ரேமில் பாதி வரை போகும், உங்களுக்கு 16 ஜிபி. மெஷின்களைத் தொடுவதற்கு முன் அதை 4 ஜிபிக்குக் கட்டிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.