வந்த நாயும் இருக்கிற நாயும்

மீட்ட நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வளர்க்க நினைப்பவர்கள் கேட்டவை. பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ வைத்திருப்பவர்களின் கேள்விகள்.

இரண்டு நாய் வளர்க்கிறேன், ஊசி எல்லாம் போட்டாச்சு. இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எத்தனை நாள் தனியாக வைக்கணும்? (கோத்தகிரி)

முதலில் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு 'எல்லாம் போட்டாச்சு' என்பவர்கள் நிறைய. பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வாந்தி, பேதி நோய்), டிஸ்டம்பர் (நரம்பைத் தாக்கும் தொற்றுநோய்), எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி தனி. அதன் தேதி தாண்டியிருந்தால், குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

குட்டியைக் குறைந்தது 14 நாள் தனியாக வையுங்கள். பார்வோ பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் தலைகாட்டும், சில குட்டிகளில் 14 நாள்வரை இழுக்கும். டிஸ்டம்பர் இன்னும் மெதுவானது. நான்கு வாரம்கூட ஆகலாம். அதனால் 14ஆம் நாள் மூக்கு ஒழுகினாலோ கண்ணில் பீளை தள்ளினாலோ கதவைத் திறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'குளிர் ஒத்துக்கலை, சளி பிடிச்சிருக்கு' என்று விட்டுவிடுவதுதான் மலையில் வழக்கமாக நடக்கும் தவறு. டிஸ்டம்பரும் சளி மாதிரியேதான் தொடங்கும். கால் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

தனியாக என்றால் கதவு சாத்தக்கூடிய அறை. கூடத்தின் மூலையில் கட்டிப்போடுவது கணக்கில் வராது. தட்டு, சாக்கு, துடைப்பம், மாப் எல்லாம் அந்த அறைக்கென்று தனியாக இருக்கட்டும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஆணியில் ஒரு பழைய சட்டை. காலையில் உங்கள் நாய்களின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகக் குட்டியிடம் போங்கள். வெளியே வந்ததும் சட்டை, செருப்பை மாற்றி, சோப்பால் கை கழுவுங்கள். கிருமி கதவைத் தாண்டுவது பெரும்பாலும் செருப்படியிலும் மாப்பிலும்தான்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டு ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. ஒரு ஊசி போட்டதுமே பாதுகாப்பு வந்துவிடாது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புசக்தி உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் இறந்தது. ஃபினைல் ஊற்றிக் கழுவிவிட்டோம். இன்னொன்றை எடுக்கலாமா? (உதகை)

ஃபினைலுக்கு பார்வோ சாகாது, டெட்டாலுக்கும் சாகாது. குளோரினுக்குச் சாகும். ஆனால் அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் வீணாகிவிடும். ஆகவே முதலில் சோப்புத்தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி புது பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலசுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

சிமெண்டுத் தரைக்கு இது போதும். மண்ணுக்கு வழியில்லை. வெயில் படாத, ஈரமான, குளிர்ந்த மண்ணில் இந்தக் கிருமி ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். நம் ஊர்த் தோட்டங்கள் அப்படிப்பட்டவைதானே. இப்போதைக்குக் குட்டி வேண்டாம். ஊசி முடித்த பெரிய நாயை எடுங்கள்.

நாங்கள் இருப்பது எஸ்டேட் லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. ஒரு நாயும் உண்டு. என்ன செய்யலாம்? (குன்னூர்)

சாத்த ஒரு கதவு இல்லாத வீட்டில் தெருவிலிருந்து நேராக எடுத்த நாய் வேண்டாம். நாய் வளர்க்காத பக்கத்து வீட்டார் 14 நாள் இடம் கொடுத்தால், தீனி, மருந்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு பிறகு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதுவும் முடியாவிட்டால், தெருநாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோவது, தையல் ஆறும்வரை பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவது இதெல்லாமும் வேலைதான். கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. காது நுனியில் வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது.

எங்கள் லேப்ரடாருக்கு 9 வயது. புதுநாயைப் பார்த்தாலே உறுமுகிறான். அதட்டினால் அடங்குகிறான். சரிதானே? (குன்னூர்)

சரியில்லை. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அதட்டி அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிப்பான்.

14 நாள் முடிந்தபின் முதல் சந்திப்பை உங்கள் கேட்டுக்கு வெளியே, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத சாலையில் வையுங்கள். காட்டெருமை நிற்கும் தேயிலைப் பாதை வேண்டாம். ஆளுக்கொரு நாய், 30 அடி இடைவெளி, ஒரே திசையில் நடை. பத்து நிமிடம் போனதும் இரண்டும் ஒன்றையொன்று வெறித்துப் பார்ப்பதை விட்டுத் தரையை மோந்துகொண்டு வரும். அப்போது இடைவெளியைக் குறையுங்கள். வாரைத் தளர்வாகப் பிடியுங்கள். இழுத்துப் பிடித்தால் உங்கள் பயம் வார் வழியாக நாய்க்குப் போகும். மோந்துபார்க்க மூன்று எண்ணும் நேரம் போதும், உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது வாய். தொங்கிய நாக்கு சட்டென்று உள்ளே போய் வாய் மூடி, உடல் கல்லாய் நின்று, கண்ணோரம் வெள்ளை தெரிந்தால் சண்டைக்கு இரண்டு நொடிதான் இருக்கிறது. வால் ஆடுவதை நம்பவேண்டாம், விறைத்த வாலும் ஆடும்.

வீட்டுக்குள் விடும் முன் தட்டு, எலும்பு, பந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாப்பாடு கடைசிநாள்வரை தனித்தனி அறையில். ஒன்பது வயது லேப்ரடாருக்கு இடுப்பு வலி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். வலிக்கிற நாய்க்குப் பொறுமை இருக்காது.

பூனையும் இருக்கிறது. வந்த நாய் உடம்பெல்லாம் உண்ணி. முதுகில் விடும் சொட்டுமருந்து போடலாமா? (கூடலூர்)

டப்பாவில் 'பெர்மெத்ரின்' என்று இருந்தால் வேண்டவே வேண்டாம். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. மருந்து போட்ட நாயின் மேல் உரசிப் படுத்தாலே நடுக்கம், வலிப்பு வரும். எடைக்கு ஏற்ற உண்ணி மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். பிடுங்கிய உண்ணியை நசுக்காமல் சோப்புத்தண்ணீரில் போடுங்கள். விரலிடுக்கு, காதுமடலின் உள்பக்கம் தினமும் பாருங்கள்.

மழைக்காலத்தில் நாய் விடாமல் தும்மி, ஒரே மூக்கில் ரத்தம் கசிந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். உப்பைத் திணிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எலும்பும் தோலுமாக வந்த நாய் (சுமார் 15 கிலோ). வயிறு நிறையச் சோறு போட்டேன், மறுநாள் தள்ளாடுகிறது. (கோத்தகிரி)

இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பல நாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாக மாவுச்சத்து போனால் இன்சுலின் எகிறி, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டை செல்களுக்குள் இழுத்துவிடும். தள்ளாட்டம் அதனால் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

இந்த எடை நாய்க்கு ஓய்வில் நாளுக்குச் சுமார் 530 கலோரி தேவை. அடுத்தமுறை முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு: எலும்பில்லாத வெந்த கோழி 100 கிராம், அதையும் நாலைந்து தடவையாகப் பிரித்து. இரண்டாம் நாள் இரு பங்கு, மூன்றாம் நாள் முழுசு. சோற்றைப் பிறகு மெல்லச் சேருங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம். பிஸ்கட்டும் வேண்டாம், இரக்கப்பட்டு எல்லோரும் முதலில் நீட்டுவது அதைத்தான்.

இரவில் வராந்தாவில் கட்டலாமா? (உதகை)

கூடாது. சிறுத்தைக்குக் கட்டிய நாய் எளிதான இரை. இருட்டும் முன் உள்ளே, கதவு சாத்திய இடத்தில். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்த பலகை, மேலே சாக்கு, கம்பளி. குட்டிக்கு வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு பக்கம் வையுங்கள்; சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். பூட்டிய அறையில் கரி கணப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனை இல்லை, நாயோடு ஆளும் போவார்.

மருந்து தடவும்போது லேசாகப் பல் பட்டுவிட்டது. ரத்தம் துளிதான். (கூடலூர்)

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் தயார்நிலை எதிர்ப்புசக்தி) வேண்டும். தொடர்ந்து நாய் எடுத்து வளர்க்கப்போகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அதன்பின் கடித்தால் 0, 3ஆம் நாள் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கவேண்டும். அதுவரை எவ்வளவு நல்ல வீடு கேட்டு வந்தாலும் அதைக் கொடுத்தனுப்பாதீர்கள்.