மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கேள்வி: புக்கிட் மெர்தாஜமில் இருக்கிறேன், பணி ஓய்வு பெற்றுவிட்டேன். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் இங்கே பினாங்கிலும் உள்ள தொல்லியல் இடங்களைக் காக்கத் தன்னார்வலராக உதவ ஆசை. அகழாய்வில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? இன்னொன்று, மெர்போக் பக்கம் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் கிடந்த பழைய செங்கல் ஒன்றைத் தம்பி மகன் எடுத்து வந்துவிட்டான். அதை என்ன செய்வது?

பதில்: ஐயா, செங்கல்லை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், ஒட்டியிருக்கும் மண்ணோடு ஒரு தாளில் சுற்றி வையுங்கள். தம்பி மகனை அழைத்துப்போய் எடுத்த இடத்தைச் சரியாகக் காட்டச் சொல்லி, கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நிர்வாகியிடம் சொல்லிவிட்டு நுழைவது நல்லது. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, கிட்டத்தில் ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம் எடுங்கள். பிறகு மாவட்ட அலுவலகத்திலோ தேசிய மரபுடைமைத் துறையிலோ, அதாவது ஜாபாத்தான் வாரிசான் நெகாராவிலோ, எழுத்தில் தெரிவியுங்கள். மரபுச் சிறப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர் காலத்தைக் கணிக்கிறார். அது ரப்பர் காலத்துப் புகைக்கூடத்துச் செங்கல்லாகவும் இருக்கலாம். இருக்கட்டும், பார்த்துச் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள்.

அகழாய்வு உரிமம் பெற்றவர்கள் செய்யும் வேலை. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டியவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகளாவிய தொல்லியல் ஆய்வு மையத்தினர். மையம் பினாங்கு மிண்டனில்தான் இருக்கிறது, நேரில் கேட்டுப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். தோண்டுவதற்கு ஆள் இல்லாமல் அழிந்த இடங்களைவிட, கவனிக்க ஆள் இல்லாமல் அழிந்தவையே அதிகம் என்பது என் எண்ணம்.

சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ந்து எண் கொடுத்த பட்டியலில் அது இருந்தது. அறிஞர்களுக்குத் தெரியும், நூல்களில் உண்டு. ஆனால் அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை. 2013-இல் நில மேம்பாட்டுப் பணியில் இயந்திரம் அதைத் தரைமட்டமாக்கிவிட்டது. நாடு முழுக்கக் குரல் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே உங்கள் முதல் வேலை காகித வேலை. கவலைப்படும் இடத்தின் லாட் எண் (நிலத் துண்டின் பதிவு எண்) என்ன, நிலம் யார் பெயரில், அரசிதழில் ஏறியிருக்கிறதா என்று நில அலுவலகத்திலும் மரபுடைமைத் துறையிலும் விசாரியுங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றங்கள் உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும், ஆட்சேபத்தையும் கேட்டாக வேண்டும். உங்கள் பக்கம் செபராங் பிறை, மெர்போக் பக்கம் சுங்கைப் பட்டாணி. அந்த வரைபடத்தில் தொல்லியல் மேடு இருக்கும் லாட் 'வீடமைப்பு' நிறத்தில் இருந்தால், அன்றே எழுதிக் கொடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் புல்டோசர் வருவதற்கு முன்னால் செய்யக்கூடியது இதுதான்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே செரோக் தோக்குன் இருக்கிறது. புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் உள்ள அந்தக் கல்வெட்டுப் பாறையை 1840-களில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ பதிவு செய்தார். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். ஜூலைத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் தவறாமல் எடுங்கள். புதுக் கீறல், பாசி, நீர்க்கசிவு எதுவானாலும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எழுத்து தெரியவில்லை என்று சாக்கட்டியோ மாவோ பூசிவிடாதீர்கள். சாய்வான வெயிலில், அல்லது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் எழுத்து எழும்பி நிற்கும். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பழைய கல்லைக் கண்டால் எண்ணெயும் குங்குமமும் சாத்தி, மறுவாரம் தகரக் கூரை போட்டுவிடுவோம். பக்தியைக் குறை சொல்லவில்லை. எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கினால் எடுப்பது கடினம்.

கடாரப் பெருமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடாரம் என்பது இன்றைய கெடாதான். ராஜேந்திர சோழன் படை 1025-இல் வந்தது. சுங்கை பத்து இரும்பு உலைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. சோழனை மட்டும் தேடிப் போகிறவர் காலடியில் கிடக்கும் இரும்புக் கசடை மிதித்துவிட்டுப் போவார். பினாங்கில் உள்ள குவார் கெப்பாவின் சிப்பி மேடும் பார்வைக்குக் குப்பைதான். 2017-இல் காட்சிக்கூடம் கட்டும் பணியின்போது அங்கே புதிய கற்கால எலும்புக்கூடு வெளிப்பட்டது.

நம்மவர்களால் மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பூஜாங் பகுதித் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நிரையில் செங்கல் தட்டுப்பட்டது, எந்த மேட்டைத் தள்ளிச் செம்பனை நட்டார்கள், பழைய ஆறு எங்கே ஓடியது என்பது அவர்களுக்குத் தெரியும். பதிவு செய்யுங்கள், முடிந்தால் இடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தை முகநூலிலோ புலனக் குழுவிலோ போட்டுவிடாதீர்கள், மறுநாளே யாராவது கடப்பாரையோடு போய் நிற்பார்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளையில் உறுப்பினராகச் சேருங்கள். புகார்க் கடிதம் மலாய் மொழியில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், லாட் எண்ணும் படமும் இணைத்து இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 'என்ன ஆயிற்று' என்று கேட்கப் போகும்போது அதைக் காட்ட வேண்டியிருக்கும்.