உலோகமும் தண்ணியும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுத்துட்டு ரிட்டயர்ட் ஆனவன் நான், இப்ப மருமகனோட போட்டு (படகு) ரிப்பேர் பட்டறையிலதான் பாதி நேரம். எந்த உலோகம் தண்ணி பட்டா என்ன ஆவும்னு யாருக்கு சந்தேகம் இருந்தாலும் கேளுங்க.

தக்கலை, பிளஸ் ஒன் மாணவன்: சார், சோடியத்த தண்ணில போட்டா வெடிக்குதே, அது ஹைட்ரஜன் தீ பிடிக்கிறதுனாலயா?

தீ பிடிக்கிறது ஹைட்ரஜன்தான் மக்கா, ஆனா அந்த முதல் 'டமார்' அது இல்ல. சோடியம் தண்ணிய விட லேசு, 98 டிகிரிலயே உருகிரும், அதனால சின்ன துண்டு உருண்டையாகி தண்ணி மேல ஓடி ஓடி தீர்ந்துரும். ஆனா பெரிய துண்டு போட்டா நடுவுல வாயு வந்து தண்ணிய தள்ளிரும், ரியாக்‌ஷன் அடங்கணும்லா, ஏன் அடங்கல? 2015ல செக் நாட்டு விஞ்ஞானிங்க சோடியம் பொட்டாசியம் கலவைய சொட்டு சொட்டா விட்டு ஹைஸ்பீடு கேமரால பாத்தாங்க. எலக்ட்ரான் பூரா தண்ணிக்குள்ள பாஞ்சிருது, மிச்சம் நிக்குற பிளஸ் சார்ஜ் ஒண்ணையொண்ணு தள்ளுது, உலோகம் முள்ளு முள்ளா வெளிய சீறுது, மில்லி செகண்டு கூட ஆவல. வீட்டுல முயற்சி செய்யாண்டாம், லேப்ல சார் இருக்கும்போது மட்டும்.

அதே பையன்: கால்சியம், மெக்னீசியம்?

கால்சியம் முதல்ல முங்கும், அப்புறம் ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கிட்டு மேல வரும், தண்ணி வெள்ளையா கலங்கும், சுண்ணாம்பாக்கும் அது. மெக்னீசியம் பச்சத்தண்ணில பேருக்குத்தான் வேலை செய்யும், நீராவில எரியும். அது தீ பிடிச்சா தண்ணி ஊத்தாதே, காஞ்ச மணல் போடு.

நாகர்கோவில், ஒரு அம்மா: அலுமினியம் இரும்ப விட ரியாக்‌ஷன் கூடுதல்னு பையன் படிக்கான், அப்ப அந்த சட்டில எப்படி சோறு பொங்குறோம்?

நல்ல கேள்விம்மா. காத்து பட்ட உடனே அலுமினியம் மேல ஆக்சைடு தோல் ஒண்ணு வந்துரும், சில நானோமீட்டர் கனம்தான், ஆனா தண்ணிய உள்ள விடாது. சுரண்டினாலும் திரும்ப வந்துரும். ஆனா காரம், அதாவது சோடா மாதிரி ஆல்கலி, பட்டா தோல் கரைஞ்சிரும், அதனால வாஷிங் சோடா போட்டு ஊற வைக்காதீங்க, சட்டி கருக்கும். அடைப்பு எடுக்குற காஸ்டிக் பவுடர் பட்டா அலுமினியம் ஹைட்ரஜனையே கக்கும், ஜாக்கிரதை.

சின்னமுட்டம், போட்டு ஓனர்: சுக்கான் பக்கத்துல வச்ச ஜிங்க் கட்டி கரைஞ்சு கரைஞ்சு போவுது அண்ணே, கம்மி குவாலிட்டியா?

கரையத்தான்யா வச்சிருக்கு! புரொபெல்லர் வெண்கலம், அடிப்பக்கம் ஸ்டீல், நடுவுல உப்புத்தண்ணி, மூணும் சேந்தா பேட்டரி, ஸ்டீல் அரிக்கும். ஜிங்க் அத விட சுலபமா எலக்ட்ரான் குடுக்கும், அதனால முதல்ல தான் போயிரும், ஸ்டீல் தப்பிக்கும். கரையாம புதுசு மாதிரி கிடந்தாதான் பயப்படணும். அது மேல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, இல்ல போல்ட்டு லூஸா இருக்கும், ரெண்டுலயும் கரண்ட் போவாது. பாதி கரைஞ்சா மாத்திருங்க.

முட்டம்: வீடு கட்டி பத்து வருசம் கூட ஆவல, சீலிங்ல கம்பி தெரியுது. கம்பி மோசமா?

கம்பிய மட்டும் திட்டாண்டாம். நல்ல கான்கிரீட்டுக்குள்ள காரம் அதிகம், பி.எச்.னு புளிப்பும் காரமும் அளக்குற எண் 12, 13 இருக்கும், அதுல இரும்பு மேலயும் காக்குற தோல் ஒண்ணு உண்டு. உப்புல இருக்குற குளோரைடு அத ஓட்ட போட்டுரும். கழுவாத கடல் மணல் போட்டிருந்தா முதல் நாளே உப்பு உள்ள இருக்கும், இல்லைன்னா கடல் காத்துலேர்ந்து பைய பைய ஊறும். அப்புறம் தண்ணியும் ஆக்சிஜனும் சேந்து துரு, அந்தத் துருவுக்கு இரும்ப விட பல மடங்கு இடம் வேணும், உள்ளேர்ந்தே நெம்பி கான்கிரீட்ட பேத்துரும். சும்மா மேல சிமெண்ட் பூசினா கொஞ்ச நாள்தான். பேந்தத கொத்தி எடுத்து, கம்பிய சுத்தி துருவ சுரண்டி, அதுக்கப்புறம்தான் பூசணும், இஞ்சினியர் ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டுங்க.

மார்த்தாண்டம்: கொல்லப்பட்டறையில பழுத்த இரும்ப தண்ணில முக்கும்போது வாறது ஹைட்ரஜனா?

பெரும்பாலும் நீராவி. ஆனா பழுத்த இரும்பு மேல நீராவி ஓடினா ஹைட்ரஜன் வரும், மேல கறுப்பு ஆக்சைடு படியும். பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே 1780கள்ல பழுத்த துப்பாக்கிக் குழல் வழியா நீராவி விட்டுத்தான் தண்ணிய ஹைட்ரஜனா பிரிச்சு காட்டினாரு.

குளச்சல்: செம்புக் குடம்?

செம்பால தண்ணிலேர்ந்து ஹைட்ரஜன வெளிய தள்ள முடியாது, பயமில்ல. பச்சைக் களிம்பு வாறது காத்தும் ஈரமும் சேந்து. நல்லா தேச்சு கழுவிட்டு ஊத்துங்க. மோர், புளித்தண்ணி மட்டும் ஈயம் (வெள்ளீயம்) பூசாத செம்புல வைக்காண்டாம், புளிப்பு செம்ப இழுத்துரும், குமட்டும்.