போர் தண்ணீரில் அடைக்கும் சொட்டுநீர்: எந்த அமிலம், எவ்வளவு?

கேள்வி: பொங்கலூர் பக்கம் ஒரு ஏக்கர் வாழைங்க, இன்லைன் (குழாய்க்குள்ளேயே டிரிப்பர் பதித்த) சொட்டுநீர், போர் தண்ணீர். லேட்டருக்குள் (செடி வரிசையில் ஓடும் மெல்லிய குழாய்க்குள்) வெள்ளையாகப் படிந்து பாதி டிரிப்பர் சரியாகச் சொட்டுவதில்லை. தண்ணீர் பரிசோதனையில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8.1, பைகார்பனேட் லிட்டருக்கு 488 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. ஏக்கருக்கு ஒரு கேன் ஆசிட் விடுங்கள் என்கிறார் கடைக்காரர். ஆசிட் மண்ணைக் கெடுத்துவிடும், வினிகரே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எதைக் கேட்பதுங்க?

பதில்: முதலில் அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்புதானா என்று பாருங்கள். லேட்டரில் ஒரு துண்டை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, டிரிப்பர் மேல் இருப்பதைச் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் மூடியில் போட்டு, இரண்டு சொட்டு ஆசிட் விடுங்கள். சுர்ரென்று நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல் வழுவழுவென்று கிடந்தால் அது பாசியும் பாக்டீரியாவும். அதற்கு குளோரின்தான் மருந்து, ஆசிட் அல்ல. உங்கள் பரிசோதனை முடிவைப் பார்த்தால் சுண்ணாம்பாகத்தான் இருக்கும். இவ்வளவு பைகார்பனேட் உள்ள தண்ணீர் வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து படியும்.

‘ஏக்கருக்கு ஒரு கேன்’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஆசிட்டின் அளவை முடிவு செய்வது உங்கள் தண்ணீரில் உள்ள பைகார்பனேட். விடுகிற ஆசிட்டை முதலில் அதுதான் தின்று, கரியமில வாயுவாக மாறி வெளியேறும். அது தீரும்வரை பிஎச் மெதுவாகத்தான் இறங்கும்; தீர்ந்ததும் மளமளவென்று சரியும். இதை நீங்களே பார்க்கலாம். 10 லிட்டர் போர் தண்ணீரை பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்து, ஊசி போடாத சிரிஞ்சால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்கி, சில நிமிடம் பொறுத்து பிஎச் காகிதத்தை நனையுங்கள். 33 சதவீத ஆசிட் என்றால் உங்கள் தண்ணீருக்கு 4 மில்லியில் பிஎச் 6.4 அளவில் நிற்கும், 7 மில்லியிலும் 5-க்கு மேல்தான். எட்டாவது மில்லி விழுந்ததும் 4-க்குக் கீழே போய்விடும். அதாவது குழாய்ச் சுண்ணாம்பைக் கரைக்க பிஎச் 4-க்குக் கொண்டுவர 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 800 மில்லி. கடையில் கழிவறை கழுவ விற்கும் ஆசிட்டின் வலு கேனுக்குக் கேன் மாறும். ஆகவே எந்த கேனை விடப்போகிறீர்களோ அதை வைத்தே பக்கெட் சோதனை செய்யுங்கள்.

வினிகர் சங்கதிக்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், கந்தக அமிலங்கள் தண்ணீரில் விழுந்ததும் தங்கள் ஹைட்ரஜன் அயனியை முழுசாக விட்டுவிடும் வலுவான அமிலங்கள். அசிட்டிக் அமிலம் அப்படி இல்லை. பிஎச் 4-ல் அதன் மூலக்கூறுகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுதான் அயனியை விட்டிருக்கும். உங்கள் தண்ணீர் 1000 லிட்டரை பிஎச் 4-க்குக் கொண்டுவர 5 சதவீத வினிகர் 60 லிட்டருக்கு மேல் வேண்டும். கட்டுப்படியாகாது. 98 சதவீத கந்தக அமிலம் 220 மில்லியே போதும் என்றாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். தண்ணீரில் கலக்கும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடாகி மேலே தெறிக்கும். பாஸ்பாரிக் அமிலம் பயிருக்கு மணிச்சத்து தரும், ஆனால் விலை கூடுதல். பிஎச் குறையாமல் போனால் கடினநீரில் கால்சியம் பாஸ்பேட்டாக உறைந்து புதிதாக அடைப்பையும் உண்டாக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமே உங்களுக்குப் போதும்.

வழக்கமான பாசனம் முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது ஆசிட் விடுங்கள். உங்கள் வால்வு மணிக்கு 10,000 லிட்டர் ஓடுகிறது, வெஞ்சுரி (கரைசலை உறிஞ்சி பாசனக் குழாயில் கலக்கும் கருவி) மணிக்கு 60 லிட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு 15 லிட்டர் கரைசல் வேண்டும்: 13 லிட்டர் தண்ணீரில் 2 லிட்டர் ஆசிட். உங்கள் வெஞ்சுரியின் இழுவையை வெறும் தண்ணீரில் அளந்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்யவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஆசிட் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. உடனே கிளம்பும் குளோரின் வாயு ஆளையே கொன்றுவிடும்.

கடைசி லேட்டரின் முனைத் தண்ணீரில் காகிதம் 4 காட்டும்வரை விடுங்கள். காட்டியதும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் முதலில் சப்மெயின் (லேட்டர்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாய்) முனையில் உள்ள ஃப்ளஷ் வால்வையும், பிறகு லேட்டர் முனைகளையும் திறந்து கலங்கல் தெளியும்வரை ஓட்டுங்கள். இரும்புக் குழாய், பித்தளை இணைப்பு வழியாக ஆசிட் போகவேண்டாம், அரித்துவிடும்.

மண் கெடும் என்ற பயம் வேண்டாம். நீங்கள் விடும் ஆசிட்டில் பெரும்பகுதியை தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டும் குழாய்ச் சுண்ணாம்பும் தீர்த்துவிடும், மிச்சத்தை உங்கள் பகுதியின் சுண்ணாம்பு மண்ணே ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றுமட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஒரு சொட்டுகூட வராமல் முழுக்க அடைத்த டிரிப்பருக்குள் ஆசிட் நுழையாது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போட்டு, ஜாயினரால் இணைத்துவிடுங்கள்.